பதினாலாம் அறையின் சிலிண்டர்

சிலிண்டர் எப்போதும்
யாரோ ஒருவன் கையில்தான் தீர்கிறது.
அவன் முட்டையை அரைவேக்காட்டில் எடுத்துக்கொண்டு
சத்தமில்லாமல் படுக்கப் போய்விடலாம்.
அடுத்து வந்து திருகுகிறவன் தலையில்
பதினைந்து ரியால்.

தோஹா சனையா, தெரு முப்பத்தெட்டு.
எட்டு இரட்டைக் கட்டில், பதினாறு பேர், ஒரே அடுப்பு.
நான் டைம்கீப்பர், எண்ணுவதே பிழைப்பு.
வந்ததற்கு இதையும் எண்ணினேன்.

ஒன்பதாம் அறையில் எல்லாருமே கெட்டிக்காரர்கள்.
யாரும் யாரிடமும் ஏமாந்ததில்லை.
ஒரு மாதமாக அங்கே அடுப்பு எரியவில்லை.
காய்ந்த குபூஸைத் தண்ணீரில் முக்கித் தின்கிறார்கள்
பதினாறு கெட்டிக்காரர்களும்.

எங்கள் அறையில் கெட்டிக்காரன் ஒருவன்தான்.
பெயர் வேண்டாம், மேல்கட்டில்.
பதினைந்து மடையர்கள் மூட்டிய தீயில்
அவன் மட்டும் சதை போட்டான்.
அதைப் பார்த்த யோகநாதன்
மறுவாரம் கொஞ்சம் கெட்டிக்காரன் ஆனான்.
யோகநாதனைப் பார்த்து தில்பகதூர்.
மூட்டைப்பூச்சி இப்படித்தான் பரவும்,
கட்டிலுக்குக் கட்டில்.

அப்புறம்தான் ஜபருல்லா மார்க்கர் எடுத்தான்.
ஃப்ரிட்ஜ் கதவில் பதினாறு பெயர்,
வாங்கினவனுக்கு ஒரு கோடு.
அடிதடி இல்லை, பஞ்சாயத்து இல்லை.
தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம்
தன் பெயர் மொட்டையாய் நிற்பதைப் பார்த்துப் பார்த்து
மேல்கட்டில்காரன் மூன்றாம் நாள்
தோளில் சிலிண்டரோடு படியேறினான்.

ஒரு பிழையும் நடந்தது.
மலைச்சாமிக்குக் கடையில் பாதி நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள்.
நாலே நாளில் தீர்ந்தது.
பழையதையே உருட்டி வைத்தான் என்று
ஜபருல்லா தன் முறைக்கு வாங்கவில்லை.
அவன் வாங்காததால் மலைச்சாமி வாங்கவில்லை.
மலைச்சாமி வாங்காததால் ஜபருல்லா.
பதினொரு நாள்
இருவர் பக்கமும் நியாயம் இருந்தது.
சோறு இல்லை.

பன்னிரண்டாம் நாள் மலைச்சாமி மறந்துவிட்டான்.
மறந்தானா, மறந்தமாதிரி இருந்தானா,
நான் கேட்கவில்லை.
எல்லாவற்றையும் மறப்பவனை மேல்கட்டில் தின்றுவிடும்.
எதையும் மறக்காதவன் தன்னையே தின்றுகொள்வான்.
மூன்றில் ஒன்றை மறக்கிறவன்
எப்படியோ பிழைத்துக் கிடக்கிறான்.

இங்கே எல்லாரும் ஒருநாள் போகிறவர்கள்தான்.
எந்த நாள் என்று தெரியாததால் அரிசி வேகிறது.
சவரிமுத்துக்குத் தெரிந்துவிட்டது.
விசா கேன்சல், வியாழன் இரவு விமானம்.
செவ்வாய் அவன் முறை.

கோடு விழவில்லை.
ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனான்.
அழுகை நிஜம்.
பதினைந்து ரியாலும் நிஜம்.

அவனால் பயமில்லை எனக்கு.
கடைசி இழை அவிழ்ந்தால்
அதற்கு முந்தியதும் அவிழும், அதற்கு முந்தியதும்.
ஷாஜிக்கு டிசம்பர். எனக்கு மார்ச்.
அன்றிரவு இருட்டில் ஆளாளுக்கு
விரல் மடக்கி மாதம் எண்ணும் சத்தம்
ஏசியின் இரைச்சலை மீறிக் கேட்டது.

வெள்ளி காலை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.
புது சிலிண்டர், சீல் உடைத்த பிளாஸ்டிக் தரையில்.
கதவில் யார் பெயரிலும் கோடு இல்லை.
நான் வாங்கவில்லை.
வேறு யாரும் வாங்கியதாகச் சொல்லவில்லை.
என் கணக்கில் இன்றும் அது
தலைப்பில்லாத வரவு.

சனிக்கிழமை காலிக் கட்டிலுக்கு ஒருவன் வந்தான்.
மொஃபிஸுல், ஊர் சில்ஹெட்.
எங்கள் யார் பாஷையும் அவனுக்கு வராது.
எந்த அறை வழக்கத்தோடு வந்திருக்கிறான் என்று
முகத்தில் எழுதியிருக்கவில்லை.

தில்பகதூர் ஒரு தட்டில் சோறும் பருப்பும் வைத்து
அவன் பக்கம் தள்ளினான்.
நல்ல மனசு என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன்.
யாராவது முதல் காயை நகர்த்த வேண்டியிருக்கிறது.

ஜபருல்லா எச்சில் தொட்டு
சவரிமுத்துவைத் தேய்த்தான்.
முழுதாய்ப் போகவில்லை,
அதன் மேலேயே எழுதினான் புதுப்பெயரை.

மொஃபிஸுல் தட்டைக் கழுவிக் கவிழ்த்தான்.
பிறகு குனிந்து
சிலிண்டரை லேசாகத் தூக்கி
எடை பார்த்தான்.

எண்ணத் தொடங்கிவிட்டான்.